நோயாளிக்கு அருகில் இன்னொரு நோயாளி: ஆதரவுச் சிகிச்சைக் கணக்கில் விடுபடும் குடும்பம்

புது தில்லி: "இனி மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்." தீராத நோயுடன் போராடுவோரின் குடும்பத்தினர் நாட்டின் ஏதோவொரு மருத்துவமனையில் நாள்தோறும் கேட்கும் சொற்கள் இவை. மருத்துவமனையின் கோப்பு அத்துடன் மூடப்படுகிறது. வீட்டில் இருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ அப்போதுதான் பணி தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். படுக்கைப்புண்ணைத் துடைத்து மருந்திட வேண்டும். குழாய் வழியே உணவு செலுத்த வேண்டும். நள்ளிரவில் வலி கூடினால் யாரை அழைப்பது எனத் தெரியாமல் விழித்திருக்க வேண்டும். அந்தப் பணிக்கு நேர வரம்பு இல்லை. பயிற்சியும் ஊதியமும் இல்லை.

பாலியேட்டிவ் கேர் எனப்படும் வலி தணிப்பு மற்றும் ஆதரவுச் சிகிச்சை குறித்து இந்தியாவில் நடைபெறும் விவாதங்கள் பெரும்பாலும் மருந்து, படுக்கை, மருத்துவர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் வெளிவந்த ஆய்வுகள், நோயாளியைப் பராமரிக்கும் குடும்ப உறுப்பினரின் நிலையையும் சேர்த்து அளக்காத எந்தத் திட்டமும் அரைத் திட்டமே என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இந்தியாவின் கொள்கைகள் இதை ஏட்டளவில் ஏற்றுள்ளன. நடைமுறையில் அந்த உறுப்பினர் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

தேவை எவ்வளவு?

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் 5.68 கோடி பேருக்கு ஆதரவுச் சிகிச்சை தேவைப்படுகிறது. அவர்களுள் 2.57 கோடி பேர் வாழ்வின் இறுதி ஆண்டில் இருப்பவர்கள். தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது. இந்தியாவில் இந்த விகிதம் ஒன்று அல்லது இரண்டு சதவீதத்தைத் தாண்டாது என்பது இத்துறையினர் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வரும் மதிப்பீடு.

நோய்களின் தன்மை மாறியிருப்பது இந்தத் தேவையைப் பெருக்குகிறது. 1990ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த இறப்புகளில் 37.9 சதவீதத்துக்குத் தொற்றா நோய்கள் காரணமாக இருந்தன. 2016இல் இது 61.8 சதவீதமாக உயர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2022ஆம் ஆண்டுக்கான புதிய புற்றுநோயாளிகளின் எண்ணிக்கையை 14.6 லட்சம் என மதிப்பிட்டது. முதியோரின் பங்கும் கூடுகிறது. 2050ஆம் ஆண்டில் மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவராக இருப்பார் என ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கணிக்கிறது. பக்கவாதம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய், மறதி நோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோர் பல ஆண்டுகள் வீட்டில் படுத்திருக்கும் நிலை இனி விதிவிலக்காக இராது.

ஆதரவுச் சிகிச்சை என்றாலே 'கடைசி நாட்களுக்கானது' என்ற எண்ணம் மருத்துவர்களிடம்கூட உள்ளது. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல்வலியுடன் மனவலி, சமூகத் துயரம், ஆன்மிகத் தவிப்பு ஆகியவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் 'முழுமை வலி' என்ற கருத்தை முன்வைத்தார். உலக சுகாதார அமைப்பின் இன்றைய வரையறை, நோயாளி மட்டுமின்றி அவரது குடும்பத்தினரின் வாழ்க்கைத் தரத்தையும் மேம்படுத்துவதே இச்சிகிச்சையின் நோக்கம் என்கிறது. உயிர்காக்கும் சிகிச்சையுடன் சேர்த்தே, நோய் கண்டறியப்பட்ட தொடக்கத்திலிருந்து இது வழங்கப்பட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு.

ஆய்வுகள் கூறுவது

இந்த நிலைப்பாட்டுக்கு வலுச்சேர்த்த ஆய்வு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடத்தப்பட்டு 2010இல் வெளியானது. உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவினருக்கு அத்துடன் தொடக்கத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சை. இரண்டாம் பிரிவினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் 16 சதவீதத்தினருக்கே காணப்பட்டன. முதல் பிரிவில் அது 38 சதவீதம். இறுதிக் காலத்தில் தீவிரச் சிகிச்சைகளைக் குறைவாகப் பெற்றபோதும், இரண்டாம் பிரிவினரின் இடைநிலை ஆயுள்காலம் 11.6 மாதங்களாக இருந்தது. முதல் பிரிவில் அது 8.9 மாதங்கள்.

குடும்பத்தினர் குறித்த ஆய்வுகள் இதைவிடக் கவனத்துக்குரியவை. முதிய இணையரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வு, நோயுற்ற கணவரையோ மனைவியையோ கவனிக்கும் பணியால் கடும் அழுத்தத்துக்கு உள்ளானோர் நான்கு ஆண்டுகளுக்குள் உயிரிழக்கும் வாய்ப்பு, அத்தகைய பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம் எனக் கண்டறிந்தது. பராமரிப்புச் சுமை ஒருவரின் ஆயுளையே குறைக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அந்த ஆய்வு மருத்துவ உலகின் முன் வைத்தது.

2008இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, முற்றிய புற்றுநோயாளிகள் 332 பேரையும் அவர்களைக் கவனித்தவர்களையும் பின்தொடர்ந்தது. இறுதி வாரத்தில் செயற்கைச் சுவாசக் கருவி, இதய மீட்பு முயற்சி போன்ற தீவிரச் சிகிச்சைகளுக்கு உட்பட்டு இறந்தவர்களின் உறவினர்கள், பின்னாட்களில் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இறுதிக்காலம் குறித்து மருத்துவர் முன்கூட்டியே பேசிய குடும்பங்களில் இத்தகைய சிகிச்சைகள் குறைவாக இருந்தன. ஒருவரின் மரணம் எவ்வாறு நிகழ்ந்தது என்பது, உயிரோடு இருப்பவர்களின் உடல்நலப் பிரச்சினையாகவும் மாறுகிறது.

இதற்குத் தீர்வு பெரும் செலவுடையதாக இருக்க வேண்டியதில்லை. 2015இல் வெளியான 'இனேபிள் 3' என்ற ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் பராமரிப்பவர்களுடன் தொலைபேசியில் வாராவாரம் பேசி வழிகாட்டினர். நோய் உறுதியான உடனேயே இந்த உதவியைப் பெற்றவர்களிடம், மூன்று மாதங்கள் தாமதமாகப் பெற்றவர்களைவிட மனச்சோர்வு குறைவாக இருந்தது. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்காவின் 22 புற்றுநோய் மையங்களில் 1,250 நோயாளிகளை உள்ளடக்கியது. காணொலி வழியாக அளிக்கப்பட்ட ஆதரவுச் சிகிச்சை, நேரில் அளிக்கப்பட்டதற்கு இணையான பலனை நோயாளிகளுக்குத் தந்தது. ஆனால் காணொலிச் சந்திப்புகளில் குடும்பத்தினரின் பங்கேற்பு குறைந்தது. தொலைமருத்துவச் சேவையை விரிவுபடுத்தி வரும் இந்தியா குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது: திரையின் முன் நோயாளி அமர்ந்தால், அருகில் நிற்பவர் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார்.

மும்பை ஆய்வு எழுப்பும் கேள்வி

மேலைநாட்டு முடிவுகளை அப்படியே இங்கு பொருத்திப் பார்ப்பதில் உள்ள இடர்ப்பாட்டை மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு உணர்த்தியது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 180 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான இந்த ஆய்வில், தொடக்கத்திலேயே ஆதரவுச் சிகிச்சையைச் சேர்த்தது வாழ்க்கைத் தரத்திலோ ஆயுள்காலத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைத் தரவில்லை.

ஆதரவுச் சிகிச்சை பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்வது அவசர முடிவாகும். எந்த நோய்க்கு, எந்தக் கட்டத்தில், யார் வழியாக, எங்கே அளிப்பது என்பதற்கான விடையை ஒவ்வொரு நாடும் தானே கண்டறிய வேண்டும் என்பதையே இது காட்டுகிறது. புகையிலைப் பழக்கத்தால் இந்தியாவில் பரவலாக உள்ள வாய், தொண்டைப் புற்றுநோயின் போக்கு நுரையீரல் புற்றுநோயின் போக்கிலிருந்து வேறுபட்டது. பிற மாநிலங்களிலிருந்து மும்பைக்கு வரும் நோயாளிகள் பலர், மருத்துவமனையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள தம் ஊர்களுக்குத் திரும்பிவிடுகின்றனர். அங்கே அவர்களைக் கவனிப்பவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்பதே மீதி நாட்களின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

சொல்லப்படாத நோய்

இந்தியக் குடும்பங்களுக்கே உரிய மற்றொரு சுமை, மறைப்பு. 'அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்; தாங்கமாட்டார்' என மருத்துவரின் அறைக்கு வெளியே மகன் கேட்டுக்கொள்வது இத்துறை மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. அன்பின் பெயரால் செய்யப்படும் இந்த மறைப்பை 'கூட்டு மௌனம்' எனக் கூறலாம். பல நேரங்களில் நோயாளிக்கும் உண்மை தெரிந்தே இருக்கிறது. குடும்பத்தார் வருந்துவார்களே என அவரும் மறைக்கிறார். இரு தரப்பும் ஒருவரையொருவர் காக்க முயன்று, பேச வேண்டியதைப் பேசாமலே பிரிகின்றன.

இதன் விளைவு உணர்வளவில் நின்றுவிடுவதில்லை. எந்தச் சிகிச்சையைத் தொடர்வது, எதை நிறுத்துவது, நிலத்தை விற்றுக் கடைசி முயற்சி ஒன்றைச் செய்வதா, நோயாளி விரும்பும் இடத்தில் அவரது நாட்களைக் கழிக்க விடுவதா போன்ற முடிவுகள் அனைத்தும் பராமரிப்பவரின் தோளில் விழுகின்றன. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலவிடும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளதாகத் தேசியச் சுகாதாரக் கணக்குகள் கூறுகின்றன. இந்தக் கணக்கில், நோயாளிக்காக வேலையை விட்டவரின் கூலியோ படிப்பை நிறுத்திய மகளின் எதிர்காலமோ சேர்வதில்லை.

சுமை யார் மீது அதிகம் என்பதற்கு அரசின் புள்ளிவிவரமே சான்று. 2024ஆம் ஆண்டுக்கான நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டு உறுப்பினர்களைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்டனர். ஆண்களில் இது 21.4 சதவீதம். அப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 நிமிடங்களும், ஆண்கள் 74 நிமிடங்களும் செலவிட்டனர். குழந்தை வளர்ப்பையும் உள்ளடக்கிய இந்த எண்கள், தீவிர நோயாளியைக் கவனிப்போரின் நிலையைத் தனியே காட்டுவதில்லை. அப்படித் தனியே அளக்க வேண்டும் என்ற எண்ணமே இன்னும் உருவாகவில்லை.

வலியும் சட்டமும்

பராமரிப்பவரை மிகவும் நிலைகுலையச் செய்வது, தணிக்க முடியாத வலியை அருகிலிருந்து பார்ப்பது. கடும் வலியைப் போக்கும் மார்பின் மாத்திரை விலை மலிந்தது. மருத்துவத் தேவைக்கான ஓபியத்தைச் சட்டப்படி விளைவிக்கும் சில நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற விவசாயிகள் அதைப் பயிரிடுகின்றனர். ஆயினும் வலி தணிப்பு குறித்த லான்செட் ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியாவில் கிடைக்கும் மார்பின் வகை மருந்துகள் தேவையில் 4 சதவீதத்தையே நிறைவு செய்வதாகக் கணக்கிட்டது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இதற்கு முக்கியக் காரணம். மாநிலத்துக்கு மாநிலம் மாறுபட்ட விதிகள், பல துறைகளிடம் பெற வேண்டிய உரிமங்கள், சிறு பிழைக்கும் கடும் தண்டனை என்ற அச்சம் ஆகியவற்றால் மருந்தகங்களும் மருத்துவமனைகளும் மார்பினைக் கைவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தும் பழக்கமின்றியே பணிக்கு வந்தனர். ஆதரவுச் சிகிச்சை இயக்கத்தினரின் நீண்ட முயற்சிக்குப் பின் 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் 'இன்றியமையாப் போதை மருந்துகள்' என வகைப்படுத்தப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே ஒப்புதல் போதும் என 2015இல் விதிகள் எளிமையாக்கப்பட்டன.

சட்டம் வழிவிட்ட பின்னும் மருந்து வீட்டு வாசலை எட்டவில்லை. அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களில் குவிந்துள்ளன. மாத்திரை கிடைத்தாலும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை தருவது, மலச்சிக்கலை எப்படித் தவிர்ப்பது, மருந்துக்கு அடிமையாகிவிடுவாரோ என்ற அச்சத்தால் வேளைகளைத் தவறவிடக் கூடாது என்பனவற்றை வீட்டில் இருப்பவருக்குச் சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

கேரளம் கண்ட வழி

இந்தக் கேள்விக்கு நாட்டுக்குள்ளேயே ஒரு விடை உண்டு. 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் உள்ளிட்டோர் வலி மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினர். புறநோயாளிப் பிரிவுக்கு வர இயலாதவர்களே அதிகத் துன்பத்தில் இருப்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். அதிலிருந்து, அண்டை வீட்டார், ஆசிரியர், மாணவர், வணிகர் எனப் பலரும் தன்னார்வலராகப் பயிற்சி பெற்று வீடுகளுக்குச் செல்லும் அண்மையர் வலையமைப்பு மலப்புறம் மாவட்டத்தில் உருப்பெற்றது. 2008இல் ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலமாகக் கேரளம் ஆனது. ஊராட்சிகள் தம் திட்ட நிதியிலிருந்து செவிலியரை அமர்த்தி, வீட்டுவழிச் சேவை நடத்துகின்றன.

2010ஆம் ஆண்டில் எகனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு வெளியிட்ட மரணத் தரக் குறியீட்டில் 40 நாடுகளுள் இந்தியா கடைசி இடம் பெற்றது. அதே அறிக்கை, மக்கள்தொகையில் 3 சதவீதத்தைக் கொண்ட கேரளம், நாட்டின் ஆதரவுச் சிகிச்சைச் சேவைகளில் மூன்றில் இரு பங்கை அளிப்பதாகக் குறிப்பிட்டது. 2022இல் வெளியான மரணத்தின் மதிப்பு குறித்த லான்செட் ஆணைய அறிக்கையும் கேரளத்தை எடுத்துக்காட்டாக முன்வைத்தது.

கேரள முறையின் சிறப்பு அது பராமரிப்பவரைப் பார்த்த விதத்தில் உள்ளது. வீட்டுக்கு வரும் செவிலியர் காயத்துக்குக் கட்டுப்போடுவதுடன் நில்லாமல், அதைச் செய்யும் முறையை மனைவிக்கோ மகனுக்கோ கற்பிக்கிறார். உடன்வரும் தன்னார்வலர், வீட்டில் அரிசி உள்ளதா, குழந்தைகள் பள்ளிக்குச் செல்கின்றனரா என விசாரிக்கிறார். படுக்கையில் உள்ளோரை முழுநேரம் கவனிப்பவர்களுக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தின்கீழ் மாதம் 600 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தொகை சிறியது. ஆனால் பராமரிப்பவர் என ஒருவர் இருப்பதை அரசுப் பதிவேடு ஒப்புக்கொள்வதன் அடையாளம் அது.

கேரளத்தின் வலுவான உள்ளாட்சி, எழுத்தறிவு, பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு ஆகியவை எல்லா மாநிலங்களிலும் இல்லை. எனவே அந்த முறையை அப்படியே நகலெடுக்க இயலாது. ஆனால் வேறு வடிவங்கள் இயலாதவை அல்ல. தலைநகர் தில்லியில் 1996இல் தொடங்கப்பட்ட கேன்சப்போர்ட் அமைப்பு, மருத்துவர், செவிலியர், ஆலோசகர் அடங்கிய குழுக்களை வீடுகளுக்கு அனுப்புகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளுடன் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்லும் பணிகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது.

நிதி எங்கே?

தேசிய ஆதரவுச் சிகிச்சைத் திட்டம் 2012இல் வகுக்கப்பட்டது. அதற்கெனத் தனி நிதி ஒதுக்கீடு இல்லை. தேசியச் சுகாதார இயக்கத்தின் பொது நிதியிலிருந்து மாநிலங்கள் கேட்டுப் பெற வேண்டும். கேட்காத மாநிலத்தில் திட்டம் பெயரளவிலேயே நிற்கும். ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என இப்போது அழைக்கப்படும் நல்வாழ்வு மையங்களின் 12 வகைச் சேவைகளுள் முதியோர் நலமும் ஆதரவுச் சிகிச்சையும் இடம்பெற்றுள்ளன. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டமோ மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்வோருக்கானது. மாதக்கணக்கில் வீட்டில் நடைபெறும் பராமரிப்பு அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. மருத்துவமனையில் சேர்ந்தால் பணம், வீட்டில் இருந்தால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு, வீட்டில் இறக்க விரும்புவோரையும் மருத்துவமனையை நோக்கித் தள்ளக்கூடியது.

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பில், கண்ணியத்துடன் இறப்பது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என அறிவித்தது. முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்துக்கான நடைமுறையை 2023 ஜனவரியில் எளிமையாக்கியது. நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்று இப்போது போதுமானது. பயனற்ற சிகிச்சையை நிறுத்தும் உரிமை கிடைத்துவிட்டது. நிறுத்திய பின் வலியின்றி வைத்திருக்கும் ஏற்பாடு இல்லையெனில், அந்த உரிமை குடும்பத்தாருக்குக் குற்றவுணர்வையே மிச்சமாக்கும்.

அடுத்த படி

தேவைப்படும் மாற்றங்களில் பல எளியவை. ஆதரவுச் சிகிச்சைக்குப் பதிவாகும் ஒவ்வொரு நோயாளியின் அட்டையிலும் முதன்மைப் பராமரிப்பாளரின் பெயரையும் அவரது உடல்நிலையையும் குறிப்பது முதல் படி. நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும் செவிலியர் அவருடைய இரத்த அழுத்தத்தையும் பார்க்க இயலும். பராமரிப்புச் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட சாரிட் அளவுகோல் 1980களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. வீட்டுக்கு அனுப்பும் முன் இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி, இரவில் அழைக்க ஒரு தொலைபேசி எண், மாதத்தில் சில நாட்களேனும் நோயாளியை ஏற்றுக்கொண்டு வீட்டாருக்கு ஓய்வளிக்கும் இடம், மரணத்துக்குப் பின் ஒருமுறையாவது அந்த வீட்டுக்குச் செல்லும் வழக்கம் ஆகியவை மாவட்ட அளவில் தொடங்கக்கூடியவை.

மருத்துவக் கல்வியில் மாற்றம் தொடங்கிவிட்டது. ஆதரவு மருத்துவம் தனி முதுநிலைப் படிப்பாக 2010இல் ஏற்கப்பட்டு, 2012இல் டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. ஆயினும் சிறப்பு மருத்துவர்களின் எண்ணிக்கை கூடும் வரை நோயாளிகள் காத்திருக்க இயலாது. கிராமச் செவிலியரும் ஆஷா பணியாளரும் பயிற்சி பெற்ற அண்டை வீட்டாருமே இந்தச் சேவையின் முதுகெலும்பாக முடியும் என்பதைக் கேரள அனுபவம் மெய்ப்பித்துள்ளது.

தீராத நோயைத் தீர்க்கும் ஆற்றல் எந்த அரசுக்கும் இல்லை. அந்த நோயாளியின் கட்டிலருகே இரவு முழுவதும் அமர்ந்திருப்பவர் தனித்து விடப்படாமல் பார்த்துக்கொள்ளும் ஆற்றல் உண்டு. அவரது பெயர் பதிவேட்டில் ஏறும் நாளில்தான், 2012ஆம் ஆண்டுத் திட்டம் உண்மையில் வீட்டு வாசலை எட்டியதாகக் கருத முடியும்.